பாராளுமன்றத்துத் துடக்கு

பாராளுமன்ற வாசலில் என் கழுத்தில் கிடந்த என் மனுசன் குகநேசனின் படத்தைக் கழற்றி வாங்கி, ஒரு தட்டில் போட்டு, அதற்கு ஒரு இலக்கத் தகடு தந்தார்கள். கைத்தொலைபேசிக்கு ஒரு தகடு, வெற்றிலைப் பைக்கு ஒரு தகடு, குகநேசனுக்கு ஒரு தகடு. திரும்பி வந்து தகட்டைக் கொடுத்தால் ஆளைத் தருவார்களாம். யுத்தம் முடிந்த அன்று பாலத்தடியில் அவரைப் பஸ்ஸில் ஏற்றின ஆமிக்காரர்கள் இப்படி ஒன்று தந்திருந்தால், நான் இத்தனை காலம் ஆளைத் தேடிப் போராட்டம் நடத்துகிற றோட்டோரத் தகரக் கொட்டிலில் கிடந்து வெந்திருக்க மாட்டேன்.

எங்களைக் கொழும்புக்குக் கூட்டிப் போனவர் எங்கள் எம்.பி. பரஞ்சோதிநாதன். பெரிய சட்டத்தரணி. அவர் வாயால் இங்கிலீசு வந்தால் மழை பெய்வது போல இருக்கும் என்று சொல்வார்கள். அந்த மழையில் எங்கள் பக்கம் ஒரு புல்லும் முளைத்ததை நான் காணவில்லை. நீதி, மனித உரிமை, தமிழருடைய குறைகள் என்று அன்றைக்கு ஒரு விவாதம். அதில் அவர் பேசப் போகிறார், பாதிக்கப்பட்ட பெண்கள் மேலே பார்வையாளர் கலரியில் இருக்க வேண்டும் என்று முல்லைத்தீவுக்கு ஒரு பஸ் அனுப்பியிருந்தார். நான் சீமெந்துக்கல் அரிகிற வாடியில் வேலை செய்கிறவள். ஒருநாள் கல் அரியாவிட்டால் அன்றைக்கு உலை இல்லை. என்றாலும் போனேன். என் மனுசனின் பெயரை அங்கே சொல்லப் போகிறார் என்று சொன்னபடியால் போனேன்.

என்னோடு பிலோமினா அக்காவும் வந்தா. அவவின் மகனும் அதே பஸ்ஸில் ஏறினவன்தான். நாற்பது வயது தாண்டின எனக்குக் கொட்டிலில் வைத்து, பழைய பேப்பரில் எழுத்துக் காட்டினவ அவதான்.

கலரியில் ஒரு காவல்காரர் எங்களை வரிசையாக இருத்தி, கால்மேல் கால் போடக்கூடாது, கை தட்டக்கூடாது, எட்டிப் பார்க்கக்கூடாது என்றார். அழக்கூடாது என்று வாயால் சொல்லவில்லை, முகத்தால் சொன்னார்.

கீழே பாதிக் கதிரை காலி. இருந்தவர்களில் ஒருவர் பக்கத்து ஆளுக்குப் போனில் எதையோ காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார். ஒருவர் வாயைத் திறந்தபடி நித்திரை. அன்றைக்கு எங்களுக்கு ஒரு கெடுதலும் செய்யாதவர் அந்த நித்திரைக்காரர் ஒருவர்தான்.

எம்.பி. எழும்பினார். கௌரவ சபாநாயகர் அவர்களே என்று தொடங்கி, கையை விரித்து, குரலை ஏற்றி இறக்கி, நல்லாய்த்தான் பேசினார். பேச்சு முடிகிற இடத்தில் கலரியைப் பார்த்துக் கையை நீட்டினார்.

“இதோ, மேலே அமர்ந்திருக்கிறாள் ஒரு விதவை! இறுதி யுத்தத்தில் கொல்லப்பட்ட குகநேசனின் மனைவி தவமலர்! அந்த இளம் விதவையின் கண்ணீருக்கு இந்தச் சபை என்ன பதில் சொல்லப் போகிறது?”

எந்த விதவை என்று நானும் திரும்பிப் பார்த்தேன். பிறகுதான் சொன்னது என் பெயர் என்பது மண்டையில் ஏறியது. என் நெற்றியில் குங்குமம். கழுத்தில் தாலிக்கொடி. கீழேயிருந்து பார்க்க அந்த ஆளுக்கு அது தெரியாதா? பஸ்ஸில் ஏற முதல் என் பக்கத்தில் நின்று படம் எடுத்தவர்தானே!

பிலோமினா அக்கா என் தொடையில் நுள்ளினா. “எழும்பாத தங்கச்சி. வெளியில பிடிச்சுத் தள்ளிப்போடுவாங்கள்.”

அடுத்ததாக அமைச்சர் ஒருவர் எழும்பிச் சிங்களத்தில் பதில் சொன்னார். பிலோமினா அக்கா நீர்கொழும்பில் மீன் காயப்போட்டுச் சீவித்தவ, சிங்களம் விளங்கும். கேட்கக் கேட்க அவவின் முகம் கறுத்தது.

“என்னவாம் அக்கா?”

“கௌரவ உறுப்பினரே வாயால சொல்லிப்போட்டார், அந்த ஆள் செத்துப் போச்செண்டு. அதுக்கு அவருக்கு நன்றியாம். செத்த ஆளைத் தேடச் சொல்லி அரசாங்கத்தைக் கேக்கிறது ஞாயமில்லையாம். அம்மா கேட்டா மரணச் சான்றிதழ் உடன குடுக்கிறாராம்.”

எவ்வளவு காலமாக அந்தச் சான்றிதழை வாங்கு வாங்கு என்று எங்களைத் துரத்துகிறார்கள். நாங்கள் யாரும் வாங்கவில்லை. வாங்கினால் தேடல் முடிந்தது. நான் கண்ணால் கண்டது அவர் பஸ்ஸில் ஏறினதை. ஏறும்போது கையைக் காட்டினதை. சாவை நான் காணவில்லை. காணாத சாவை எங்கள் எம்.பி. கண்டுவிட்டார், அதுவும் எனக்காக அழுகிற நேரத்தில்.

விவாதம் முடிந்து வெளியே வர, நடையில் எம்.பி. நின்றார். அந்த அமைச்சரின் கை எம்.பி.யின் தோளில் கிடந்தது. அரை மணித்தியாலத்துக்கு முதல் ஒருவரையொருவர் தின்றுவிடுகிற மாதிரிக் கத்தினவர்கள், இப்போது சாப்பாட்டுக்குப் போகிறார்கள். மத்தியானம் என்ன மீன் என்பதுதான் அப்போது பேச்சு.

“ஐயா,” என்றேன். “என்ர மனுசன் செத்தது எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?”

சிரித்தார். “அம்மா, அது ஒரு பேச்சுக்கு. விதவை எண்டாத்தான் கேக்கிறவனுக்கு மனசு இளகும். சர்வதேசத்துக்கும் டக்கெண்டு விளங்கும்.”

“நான் விதவை இல்லை. காணாமல் ஆக்கப்பட்ட ஆளின்ர மனுசி.”

“தெரியும் அம்மா, தெரியும். அதை முழுசாச் சொல்ல எங்க நேரம்? எனக்குத் தந்தது ஏழு நிமிசம்.”

அமைச்சர் எங்களைப் பார்த்துக் கை கூப்பினார். “பாவம்,” என்று தமிழிலேயே சொன்னார். இரண்டு பேரும் மீனுக்குப் போனார்கள். நாங்கள் தகட்டைக் கொடுத்துப் படங்களை வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினோம். எங்களுக்குப் பார்சல் சோறு. அதில் மீன் இல்லை.

நாங்கள் ஊர் வந்து சேர முதலே அந்தப் பேச்சு வந்து சேர்ந்துவிட்டது. கைத்தொலைபேசி வைத்திருக்கிற சனம் முழுக்க பார்த்திருந்தது. விடிய நான் வாடிக்குப் போகச் சந்தியில் இறங்கினால், கம்பத்தில் பெரிய பதாகை. கண்ணீர் அஞ்சலி. நடுவில் எம்.பி., கூப்பின கையோடு ஆள் உயரத்துக்கு. மூலையில் முட்டை வடிவத்துக்குள் தேசிக்காய் அளவில் குகநேசன். கீழே, ‘அமரர் குகநேசன் அவர்களின் ஆத்மா சாந்தியடையப் பிரார்த்திக்கிறோம்.’ கட்சிக்காரப் பெடியன் நிரோஜன் ஏணியில் நின்று கடைசி முடிச்சைப் போட்டுக்கொண்டிருந்தான்.

“கழட்டடா அதை!”

“அன்ரி, ஐயா சொல்லி அனுப்பினவர். உங்கட குடும்பத்துக்குச் செய்யிற மரியாதை.”

“மரியாதையோ? ஆளைச் சாக்காட்டிப்போட்டு மரியாதையோ? நீ இறங்கிறியோ, நான் ஏணியை இழுக்கட்டோ?”

இறங்கினான். கழற்றவில்லை. “ஐயாவைக் கேளுங்கோ,” என்று மோட்டார் சைக்கிளில் பறந்துவிட்டான்.

பதாகையைக்கூட நான் பொறுத்திருப்பேன். பின்னேரம் சம்பந்தியம்மா வந்தா. என் மகள் கலைமதிக்குக் கிளிநொச்சியில் கலியாணம் பேசி, நாளும் வைத்தாயிற்று. அடுத்த வெள்ளிக்கிழமை. அழைப்பிதழில் ‘குகநேசன் தவமலர் தம்பதியரின் மகள்’ என்று அடித்து ஊருக்கெல்லாம் கொடுத்தும் முடிந்தது. பெடியனின் தாய் மங்கையர்க்கரசி நல்ல மனுசி. ஆனால் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று கேட்டுக் கேட்டே தலை நரைத்தவ.

வந்து இருக்கவும் இல்லை. நின்றபடியே கதைத்தா.

“குறை நினைக்காதேங்கோ தவம். எங்கட ஆக்கள் கேக்கினம், தகப்பன் செத்த வீட்டில எப்பிடித் தாலி கட்டுறது எண்டு.”

“ஆர் செத்தது?”

“பாராளுமன்றத்திலயே சொல்லிப்போட்டினமே. ஐயரிட்டயும் கேட்டனான். சாவுத் துடக்கு, தீட்டு எண்டுறார்.”

நான் சட்டையில் கிடந்த சீமெந்தைத் தட்டிவிட்டு, அவவையும் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். ஐயர் தேங்காய்ப் பாதிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

“ஐயர், செத்து இத்தனை வருசத்துக்குப் பிறகு துடக்கு வருமோ?”

“செத்த நாள் தெரியாட்டி, செய்தி காதில விழுந்த நாள்தான் கணக்கு. புதன்கிழமை விழுந்திருக்கு. அந்தியேட்டிக் கிரியை முடியுமட்டும், முப்பத்தொரு நாள், நல்ல காரியம் செய்யேலாது. பிறகும் நீங்கள் முன்னுக்கு நிண்டு...” என்று என் நெற்றியைப் பார்த்து இழுத்தார்.

“பாராளுமன்றத்தில கதைக்கிறதெல்லாம் ஒரு செய்தியோ ஐயர்?”

“வேற எது செய்தி? நாட்டுக்கே சொன்னதெல்லோ.”

“அப்ப அதே ஆள் அதே இடத்தில, சாகேல்லை எண்டு சொன்னா?”

ஐயர் ஒரு தேங்காய்ப் பாதியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். “சொன்ன வாயே மாத்திச் சொன்னா அது செய்தி இல்லை. அப்ப துடக்கும் இல்லை.”

சம்பந்தியம்மா பெருமூச்சு விட்டா. “அப்பிடி ஒரு வார்த்தை எடுத்துத் தாங்கோ தவம். நான் எங்கட சனத்தின்ர வாயை அடைக்கிறன். இல்லாட்டி நாள் தள்ளத்தான் வேணும். தள்ளினா எங்கட ஆக்கள் வேற இடம் பாக்கச் சொல்லுவினம். பெடியன் பாவம், அழுறான்.”

வீட்டுக்கு வந்தால் கலைமதி அழவில்லை. “அம்மா, எனக்குக் கலியாணம் இல்லாட்டியும் பறவாயில்லை. அப்பாவைச் செத்ததெண்டு ஒத்துக்கொண்டு வந்து நிக்காதேங்கோ,” என்றாள். அவளல்லவா பிள்ளை. நான் ஏன் ஒத்துக்கொள்ளப் போகிறேன்?

எம்.பி. சனிக்கிழமைகளில் மாவட்ட அலுவலகத்துக்கு வருவார். போனேன். அவர் நெற்றியில் மூன்று குறி திருநீறு, மணிக்கட்டில் நாலு கோயில் நூல். நான் சொன்னதைக் கேட்டுவிட்டுக் கதிரையில் சாய்ந்தார்.

“துடக்கோ? அம்மா, உலகம் எங்க போய்க்கொண்டிருக்கு! இந்தக் காலத்திலயும் இந்த மூடநம்பிக்கையைக் கட்டிப் பிடிச்சுக்கொண்டிருந்தா எங்கட இனம் எப்பிடி முன்னேறும்?”

“நீங்கள் சொன்னதை நீங்கள் திருப்பி எடுங்கோ ஐயா. வேற ஒண்டும் கேக்கேல்லை.”

“அது ஹன்சாட்டில, சபைப் பதிவேட்டில ஏறீட்டுது. லேசில இறக்கேலாது.”

“வாற கிழமை பாராளுமன்றம் கூடுதாமே.”

“கூடும். ஆனா அது வேற விசயம், மீன்பிடிச் சட்டம். எனக்கு நேரம் ஒதுக்கேல்லை. உங்கட விசயத்துக்கு எண்டு தனிய எழும்பிக் கதைக்க நேரம் தரமாட்டினம். அடுத்த வருசம் இதே விவாதம் திரும்ப வரும். அப்ப உங்களைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போறன். வடிவாச் சொல்லுவம்.” வாசலில் நின்ற நிரோஜனைப் பார்த்தார். “அம்மாவுக்கு ஒரு சோடா குடு.”

சோடாவைக் குடிக்காமல் வந்தேன். வரும் வழியில் சந்தியில் அந்தப் பதாகை காற்றில் வயிறு ஊதிக்கொண்டு நின்றது. எங்கள் வாடியில் மழை வந்தால் சீமெந்துப் பைகளை மூடுவது இந்த மாதிரிப் பதாகைகளால்தான். தேர்தல் முடிய முடிய எங்களுக்கு மூடுசீலைக்குப் பஞ்சமில்லை. ஐந்து வருசத்துக்கு ஒருமுறை அவர்களால் எங்களுக்குக் கிடைக்கிற ஒரே உதவி அது. அதைப் பார்த்தபடி நின்றபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. கொட்டிலுக்குப் போய்ப் பிலோமினா அக்காவிடம் சொன்னேன். அவ சிலுவை போட்டா. பிறகு சிரிக்கத் தொடங்கி, சிரிப்பு அடங்காமல் தண்ணீர் குடித்தா.

“விசரி! உன்னைப் பிடிச்சு உள்ளுக்க போடுவாங்களடி.”

“போடட்டும். எந்த இடத்தில வைச்சிருக்கினம் எண்டாவது என்ர பிள்ளைக்குத் தெரியும்.”

திங்கட்கிழமை காலையில் பதாகை அடிக்கிற மயூரனின் கடைக்குப் போனோம். கலியாணம், பெண்பிள்ளையின் சாமத்தியச் சடங்கு, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அவனிடம்தான். கட்சிக்காரர் என் மனுசனுக்கு அடித்ததும் அங்கேதான்.

“தம்பி, குகநேசனுக்கு அடிச்ச அஞ்சலி உன்ர கொம்பியூட்டரில கிடக்கோ?”

“கிடக்கு அக்கா. இன்னொண்டு வேணுமோ?”

“ஓம். அதில ஒரு மாத்தம். மூலையில கிடக்கிற படத்தை எடுத்துப்போடு. நடுவில நிக்கிறவரை முட்டைக்குள்ள வை. கீழ அமரர் எண்டதுக்குப் பக்கத்தில இவரின்ர பேரைப் போடு.”

மயூரன் என்னைப் பார்த்தான். திரையைப் பார்த்தான். “ஐயாவுக்கு என்ன நடந்தது?”

“எங்கட ஆளின்ர பனர் அடிக்க வந்தவையளிட்ட இதைக் கேட்டனியோ?”

“இல்லை.”

“மரணச் சான்றிதழ் காட்டச் சொன்னனியோ?”

“இல்லை அக்கா. உயிரோட இருக்கிற ஆளுக்கு ஆர் அஞ்சலி அடிக்கப்போகினம் எண்டு...”

சொல்ல வந்ததை நிறுத்தினான். பிறகு எழும்பிக் கடைக் கதவைப் பாதி சாத்திவிட்டு வந்து, “பின்னுக்கு மெழுகுதிரி போடட்டோ, ரோசாப்பூப் போடட்டோ?” என்றான்.

“ரெண்டும் போடு,” என்றா பிலோமினா அக்கா. “பெரிய மனுசன்.”

மத்தியானத்துக்கு முதல், சந்தியில் பழைய பதாகையை அவிழ்த்து, அதே கம்பத்தில் அதே கயிற்றால் புதியதைக் கட்டினோம். அடியில் ‘நீங்காத நினைவுகளுடன், காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள்’ என்று போட்டிருந்தது. யார் செய்தது என்று ஒளிக்கவில்லை.

எல்லோரும் போனைத் தூக்கினார்கள். ஒருமணி நேரத்துக்குள் வெளிநாடுகளில் ஒளி வணக்கம் தொடங்கிவிட்டது. லண்டனில் யாரோ ஒருவர் அவரைப் பற்றிக் கவிதை எழுதிப் போட்டார். உயிரோடு இருக்கும்போது அவரை யாரும் அவ்வளவு புகழ்ந்ததில்லை.

முதலில் வந்தது பொலிஸ். ஒரு சிங்களப் பெடியன், அரைகுறைத் தமிழ்.

“அம்மா, இந்த மாத்தயா, இந்த ஐயா, செத்தது இல்ல. உயிர் இருக்கு.”

“எங்க இருக்கிறார்?”

“கொழும்பு.”

“நீங்கள் கண்டனீங்களோ?”

“நான் காண இல்ல. சொன்னது.”

“எங்களுக்கும் அப்பிடித்தான் சொல்லுறவை தம்பி. உயிரோட இருக்கிறார் எண்டு ஒருத்தர், செத்துப்போனார் எண்டு இன்னொருத்தர். ஆளைக் கொண்டுவந்து காட்டுங்கோ எண்டா ஒருத்தரையும் காணேல்லை.”

அவன் தொப்பியைக் கழற்றி வியர்வையைத் துடைத்தான். பதாகையைப் படம் எடுத்துக்கொண்டு, “பெரிய மாத்தயாகிட்ட கேட்டு வாறது,” என்று போனான். வரவில்லை.

பிறகு எம்.பி.யே போன் எடுத்தார். கொட்டிலில் எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

“தவமலர்! என்ன வேலை இது? நான் உயிரோட இருக்கிறன்!”

“ஆர் கதைக்கிறது?”

“நான்தான், பரஞ்சோதிநாதன்!”

“கனபேர் அப்பிடி எடுக்கிறவை. உன்ர மனுசன் அந்த முகாமில இருக்கிறான், நான் கண்டனான் எண்டு எடுத்து ஏமாத்தினவையும் இருக்கினம். போன் கதையை நம்பாதேங்கோ எண்டு நீங்கள்தானே ஐயா எங்களுக்குச் சொன்னது.”

“என்ர மனுசி மத்தியானத்தில இருந்து அழுறா! வீட்டு வாசலில சனம் மாலையோட நிக்குது! கனடாவில இருந்து மகள் எடுத்து அழுதுகொண்டிருக்கிறாள்!”

“ஒரு நாள்தானே ஐயா.”

“உடன கழட்டு!”

“நீங்கள் சொன்னதை நீங்கள் கழட்டுங்கோ. நான் கட்டினதை நான் கழட்டுறன்.”

“உன்னைக் கோட்டில ஏத்துவன்!”

“ஏத்துங்கோ. மனுசனைத் தேடி வழக்குக்குப் போய்ப் போய், அங்க குந்தியிருக்கிற வாங்கிலெல்லாம் எனக்குப் பழக்கம்.”

எம்.பி. வைத்துவிட்டார். கொட்டிலில் சிரிப்பு. ஆனால் அன்று பின்னேரம் நாளை விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். ஆளைச் சீண்டினதுதான் மிச்சம், வெள்ளிக்கிழமை வந்துகொண்டிருக்கிறது. அவர் வீம்புக்கு வாயைத் திறக்காமல் இருந்துவிட்டால் என் பிள்ளையின் கதி?

அவரை நான் சரியாக மதிப்பிடவில்லை. மற்றவருக்கென்றால் திறக்காத வாய் அது. தனக்கென்றதும் அடுத்த நாளே திறந்தது.

செவ்வாய்க்கிழமை பாராளுமன்றத்தில் மீன்பிடிச் சட்டம். கலைமதியின் போனில் நேரலையைப் போட்டுக் கொட்டிலில் குந்தியிருந்தோம். தொடங்கின கையோடு எம்.பி. எழும்பினார். சிறப்புரிமைப் பிரச்சினையாம். சபாநாயகர் உடனே அனுமதித்தார். இந்தமுறை ஒரு கதிரையும் காலி இல்லை.

“கௌரவ சபாநாயகர் அவர்களே! நான் இறந்துவிட்டதாக நேற்று என் சொந்த மாவட்டத்தில் பதாகை கட்டினார்கள். உயிரோடு இருக்கும் ஒரு மனிதனை, எந்த ஆதாரமும் இல்லாமல் இறந்தவன் என்று அறிவிப்பது எவ்வளவு பெரிய கொடுமை! அவனுடைய மனைவி, பிள்ளைகள் எந்தப் பாடு படுவார்கள் என்று யாராவது நினைத்துப் பார்த்தார்களா? ஒரு பகல் முழுவதும் என் மனைவி தண்ணீர்கூடக் குடிக்கவில்லை!”

குரல் உடைந்தது. லேஞ்சியை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். போன கிழமை எங்களுக்காக அழுதது நடிப்பு என்று அப்போதுதான் எனக்கு முழுசாகத் தெரிந்தது. உண்மையாக அழும்போது அவருக்கு மூக்காலும் வருகிறது.

அந்த அமைச்சர் எழும்பினார். கட்சி, இனம், மதம் எல்லாம் கடந்து கௌரவ உறுப்பினரின் பக்கத்தில் நிற்கிறாராம். இது அப்பட்டமான மனித உரிமை மீறலாம். எதிர்க்கட்சியிலும் ஒருவர் எழும்பி, விசாரணைக்குழு வேண்டும் என்றார். நித்திரைக்காரர் விழித்திருந்து மேசையில் தட்டினார். எங்களுக்காக ஒருநாளும் ஒன்றுசேராத சபை ஒரு பதாகைக்காக ஒன்றுசேர்ந்து நின்றது.

“செய்தது யார் என்று தெரியுமா?” என்று சபாநாயகர் கேட்டார்.

“தெரியும். தவமலர் என்ற பெண். காணாமல் ஆக்கப்பட்ட குகநேசன் என்பவரின் மனைவி. தன் கணவன் இறந்ததற்கு ஆதாரம் இல்லை, அவர் உயிரோடு இருக்கிறார், நான் விதவை இல்லை என்று என் அலுவலகத்துக்கே வந்து சண்டை பிடித்தவர். அதில் நியாயம் இருக்கிறது, நான் மறுக்கவில்லை. ஆதாரம் இல்லாமல் எவரையும் இறந்தவர் என்று சொல்ல எவருக்கும் உரிமை கிடையாது! அப்படியிருக்க, அவரே இன்னொரு பெண்ணை விதவையாக்கலாமா?”

“பேந்து போடு, பேந்து போடு,” என்று கத்தினா பிலோமினா அக்கா. கலைமதி திருப்பிப் போட்டாள். காணாமல் ஆக்கப்பட்ட குகநேசனின் மனைவி. ஏழு நிமிசத்துக்குள் அடங்காமல் போன சொல், தன் மூக்கைச் சிந்துகிற இடைவெளியில் அடங்கிவிட்டது.

போனைத் தூக்கிக்கொண்டு ஐயரிடம் ஓடினோம். அவர் இரண்டு தரம் கேட்டார். “சொன்ன வாய்தான், சொன்ன இடம்தான்,” என்றார். “துடக்கில்லை. வெள்ளிக்கிழமை வச்சபடி நடக்கட்டும்.” சம்பந்தியம்மாவுக்கு எடுத்தேன். “அதை எனக்கு அனுப்பி விடுங்கோ தவம்,” என்றா. “எங்கட பெரியண்ணற்ற மூஞ்சிக்கு முன்னால பிடிக்கோணும்.” அன்று பின்னேரமே சந்திக்குப் போய்ப் பதாகையை அவிழ்த்தேன். சொன்ன சொல் சொல்தானே. கொண்டுபோய் வாடியில் சீமெந்துப் பைகளின் மேல் விரித்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை கோயில் மண்டபத்தில் மணவறைக்குப் பக்கத்தில் ஒரு கதிரை போட்டு, குகநேசனின் படத்தை வைத்தேன். மேளகாரர் ஒருவர் நல்ல எண்ணத்தில் ஒரு மாலையை எடுத்துக்கொண்டு வந்தார். வேண்டாம் என்றேன். மாலை போட்டால் செத்தவர். பொட்டோடும் தாலியோடும் அந்தக் கதிரைக்குப் பக்கத்தில் நான் நின்றேன். சம்பந்தியம்மாவின் ஆட்களில் இரண்டு பேர் குசுகுசுத்தார்கள். அவ திரும்பி ஒரு பார்வை பார்த்தா. அடங்கிவிட்டார்கள்.

தாலி கட்டி முடிந்து சனம் சாப்பாட்டுக்கு எழும்புகிற நேரம், வாசலில் நிரோஜன் ஏணியோடு நின்றான்.

“அன்ரி, ஐயா உங்களை மன்னிச்சிட்டார். விசாரணை ஒண்டும் வேண்டாம் எண்டுட்டார். பிள்ளைக்கு வாழ்த்து பனர் ஒண்டு அனுப்பினவர்.”

“விரி பாப்பம்.”

விரித்தான். நடுவில் எம்.பி., கூப்பின கையோடு, ஆள் உயரத்துக்கு. மூலையில் முட்டைக்குள் மணமகனும் மணமகளும் தேசிக்காய் அளவில். நான் எழுத்தைக் கூட்டிக் கூட்டி வாசித்தேன். ‘அமரர் குகநேசன் அவர்களின் அன்பு மகள் கலைமதிக்கு...’

நிரோஜனும் அப்போதுதான் வாசித்தான் போல.

எனக்குக் கோபம் வரவில்லை. கோபம் மனுசர்மேல் வருவது.

“இஞ்ச கட்டாத,” என்றேன். “நேர வாடிக்குக் கொண்டுபோ. நேற்று மழைக்கு ஒரு பனர் போதாமப் போட்டுது, தெற்குப் பக்கத்துப் பையெல்லாம் நனைஞ்சு கிடக்கு. முகம் மேல பாக்க விரி. அப்பத்தான் தண்ணி வழிஞ்சோடும். விரிச்சுப்போட்டு வா, சாப்பிடலாம்.”